ஞோபி என்றால் ஒன்றுமில்லை

சமான ஆய்வுத் துறைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலில் பேராசிரியர்கள் நுழைவார்கள். மாணவர்கள் சைக்கிள்களுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே புகுந்து பின்வாசலில் வர வேண்டும் என்று ஒரு பலகை சொன்னது. இரண்டும் ஒரே கூடத்தில்தான் திறந்தன. ஆகவே இரண்டும் சமானம் என்பது துறையின் நிலைப்பாடு. சந்தேகம் இருப்பவர்கள் மனு கொடுக்கலாம். மனுவைப் பின்வாசலில் வாங்குவார்கள்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முக்கோணம். ஆள் என்னவோ உருண்டைதான். ஆனால் கையில் சாக்பீஸ் கிடைத்துவிட்டால் ஒரு முக்கோணம் வரையாமல் அவரால் மூச்சுவிட முடியாது. மூலைக்கு ஒன்றாக அ, ஆ, இ என்று எழுதுவார். 'நாய்' என்ற ஓசையைக் கேட்டதும் நாயின் படத்தைத் தொடக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே ஓசைக்கு நாய் என்ற எழுத்தைத் தொடவும் சொல்லிக் கொடுக்கிறோம். அதன்பிறகு எழுத்தைக் காட்டினால் குழந்தை தானாகவே படத்தைத் தொடும். அதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவது கொஞ்சம், வந்து சேர்வது நிறைய. மனிதனுக்கு மொழி வாய்த்ததே இந்த வழியில்தான் என்பார். இதற்குத் தூண்டல் சமானம் என்று பெயர்.

சமானம் என்றால் திருப்பிப் போட்டாலும் நிற்க வேண்டும் என்பதும் அவர் பாடம். மாணவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் திருப்பிச் சொல்வதில்லை. பதில் வணக்கம் தனக்குள்ளிருந்து தானாக எழ வேண்டும், பழக்கத்தால் வரக் கூடாது என்று விளக்கம் கொடுப்பார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருக்கிறார். இன்னும் எழவில்லை.

இந்தத் துறையில்தான் ஒரு பஸ் கண்டக்டரின் மகள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

அப்பா வாழ்நாள் முழுக்க நிறுத்தங்களின் பெயரைக் கூவியவர். வீட்டில் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். சாப்பிட்டு எழும்போதுகூட 'போலாம் ரைட்' என்றுதான் எழுவார். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை செத்திருந்தது. சொற்கள் எல்லாம் எங்கோ இறங்கிப் போயிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதான்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் அதான். மகளைக் கூப்பிட வாயெடுப்பார். உதடு குவியும், கண் அலையும், நெற்றி நரம்பு புடைக்கும். கடைசியில் தோற்றுப்போனவர்போலச் சிரித்து 'அதான்' என்பார். அவரைப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் அதே பெயர்தான், பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அதே பெயர்தான்.

"மாமாவுக்கு நாம எல்லாருமே சமானம்தான். இதுக்குப் போய் நீ தனியா படிக்கணுமா?" என்று அண்ணி கேட்டாள்.

அவள் சேர்ந்ததே அப்பாவுக்காகத்தான். ஓசை, படம், எழுத்து மூன்றையும் முடிச்சுப் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் போன சொற்களில் சிலவாவது திரும்பும் என்று படித்திருந்தாள். வீட்டிலேயே ஆரம்பித்தும்விட்டாள். டம்ளரில், ஜன்னலில், நாற்காலியில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். தன் புகைப்படத்துக்குக் கீழே தன் பெயரை எழுதி ஒட்டினாள். கொஞ்ச நாளில் அந்தப் பெயரைத் தனியாக எழுதிக் காட்டினால் அப்பா படத்தைத் தொட்டார். வாய்க்கு மட்டும்தான் வரவில்லை. ஒரு தடவை அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும். அவளுக்கு அந்தப் படிப்பிலிருந்து வேண்டியிருந்தது அவ்வளவுதான். 'ஆய்வின் நோக்கம்' என்ற தலைப்பின் கீழ் இதை உள்ளபடியே எழுதிவிட்டாள். அனுபவமின்மை.

முக்கோணம் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"டம்ளர், ஜன்னல், தண்ணி. என்னம்மா இதெல்லாம்?"

"அவருக்கு வேண்டிய வார்த்தைங்க, சார்."

"அங்கதான் பிரச்சினை. வேண்டிய வார்த்தைக்கெல்லாம் பொருள் இருக்கும். உங்கப்பா வாழ்க்கை பூரா தண்ணி குடிச்சிருக்காரு. எவ்வளவு பெரிய மாசு, யோசிச்சுப் பாரு. நாளைக்கு அவர் தண்ணின்னு சொன்னா, அது நம்ம பயிற்சியால வந்துச்சா, தாகத்தால வந்துச்சான்னு எப்படிப் பிரிப்பே?"

எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அறையில் மாணவர்கள் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. தலையாட்டினாள்.

ஆய்வில் உலகத்தில் எங்கும் இல்லாத கோணல் வடிவங்களையும், பொருளே இல்லாத சொற்களையும்தான் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சொற்களுக்குப் பொருள் கிடையாது என்று பொருளின்மைக் குழு சான்றிதழ் தர வேண்டும். குழுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். அகராதி தொகுத்துத் தொகுத்து அவர் பெயரே அகராதி ஆகிவிட்டது. அவள் கொண்டுபோன சொல் ஒவ்வொன்றையும் வெற்றிலைபோல வாயில் போட்டுக் குதப்பினார். ஒன்று பழைய நிகண்டில் இருக்கிறது, ஒரு வகை மரம் என்றார். அடுத்தது ஒரு வகைப் பறவை. அதற்கடுத்தது மாடுகளுக்கு வருகிற ஒரு வகை நோய். எந்த ஓசையை எழுப்பினாலும் முன்னோர் யாரோ முந்திக்கொண்டு அதற்கொரு பொருள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ஒருவழியாக டெமூ, பிவாங்கு, ஞோபி என்ற மூன்றுக்கும் தமக்குப் பொருள் தெரியவில்லை என்று அகராதி ஒப்புக்கொண்டார். சொல்லும்போது அவர் முகம் சுண்டிவிட்டது.

ஞோபியில் மட்டும் அவருக்கு ஒரு நெருடல்.

"பொருள் இல்ல, சரி. ஆனா சொல்லும்போது ஒரு செல்லம் வருதே. வீட்டுல கடைக்குட்டிப் பொண்ணைக் கூப்பிடற மாதிரி."

"செல்லத்துக்கெல்லாம் பொருள் கிடையாதுங்க, ஐயா. கையெழுத்துப் போடுங்க," என்றார் முக்கோணம்.

சான்றிதழ் வந்தது. ஞோபி என்பதற்கு எப்பொருளும் இல்லை எனவும், இனியும் இராது எனவும் இக்குழு உறுதியளிக்கிறது என்று முத்திரையுடன் இருந்தது.

பங்கேற்பாளர்கள் நான்கு பேர் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் மூவர் சிக்கினார்கள். நான்காவதாக வந்தவன் முதல் நாளே திரைக்கு முன்னால் தூங்கி விழுந்து, எழுந்து, போனவன் போனவன்தான். முக்கோணம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"உங்கப்பாவைக் கூட்டிட்டு வா. வார்த்தையே இல்லாத மனுஷன். இவ்வளவு சுத்தமான ஆள் வெளிநாட்டுலகூடக் கிடைக்க மாட்டாங்க."

குரலில் பக்தியே இருந்தது. ஒரே நிபந்தனை, ஆய்வு முடியும்வரை வீட்டில் வேறு சொல் எதுவும் சொல்லித் தரக் கூடாது. ஒட்டியிருக்கும் சீட்டுகளை எடுத்துவிட வேண்டும். பட்டம் வந்தபிறகு அவள் பாடு, அவள் அப்பா பாடு.

பட்டம் வந்துவிட்டால் தன் வழியில் தானே நடத்தலாம், அப்பாவைப் போன்ற எத்தனையோ பேருக்கு நடத்தலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சீட்டுகளைப் பிய்க்கத் தொடங்கினாள். அண்ணி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"அவரே இப்பத்தான் ஒண்ணொண்ணா கண்டுபிடிக்கறாரு. அதை ஏன் பிய்க்கறே?"

கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள். டம்ளர் போயிற்று, ஜன்னல் போயிற்று. புகைப்படத்தின் கீழிருந்த பெயருக்கு வந்தபோது அப்பா எழுந்து வந்து இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். 'அதான்' என்றார். அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கிவிட்டுப் பிய்த்தாள். நோகாமல் விலக்கினோம் என்பதைப் பிற்பாடு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது எதற்கும் உதவவில்லை.

பயிற்சி நாட்களில் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புவதுபோல் கிளம்பினார். ஆய்வறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை, இரண்டு ஒலிபெருக்கிகள். மெஷின் 'ஞோபி' என்று சொல்லும். திரையில் மூன்று கோணல் வடிவங்கள் தோன்றும். ஞோபிக்கு உரியதைத் தொட்டால் மணி அடித்து 'சரி' என்று எழுத்து வரும். தவறாகத் தொட்டால் திரை கறுத்துவிடும். சொற்களைப் பதிவு செய்ய வெளியாள் வைக்கத் துறையில் வழியில்லாததால், மெஷினுக்குக் குரல் கொடுத்தவள் அவளே.

அப்பா கல்லூரிப் பிள்ளைகளை ஊதித் தள்ளிவிட்டார். ஓசைக்கு வடிவம், ஓசைக்கு எழுத்து என்று சொல்லித் தந்ததையும் தொட்டார், எழுத்துக்கு வடிவம் என்று சொல்லித் தராததையும் தொட்டார். மணி அடிக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். முக்கோணம் அறைக்கு வெளியே நின்று கையைப் பிசைந்து பிசைந்து மகிழ்ந்தார். அவளுக்கும் மகிழ்ச்சி வந்தது. உலகத்தில் எங்குமே இல்லாத மூன்று சாமான்களைத் தன் தகப்பன் பிழையில்லாமல் அடையாளம் காட்டுவதற்கு மகிழ்கிறோமே என்று கூடவே கூசியது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஞோபி."

திரும்பினாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாத முகம். இடது கை அவளை நோக்கி நீண்டிருந்தது. இன்னொரு முறை சொன்னார். கரண்டியோடு அண்ணி ஓடி வந்தாள்.

"யாரு மாமா ஞோபி?"

கை அவளைக் காட்டியது. அண்ணி லேசில் விடுகிறவள் இல்லை. தன் நெஞ்சைத் தொட்டு, நான் யார் என்று கேட்டாள். அதான். மதில்மேல் இருந்த பூனை? அதான். இவள்?

"ஞோபி."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு வெக்கச் சொல்லு உங்க காலேஜுல," என்றாள்.

எப்படி வந்தது என்பதில் மர்மம் எதுவுமில்லை. ஞோபி என்று அவர் கேட்டதெல்லாம் மகளின் குரலில். குரலுக்கு உரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லோடு குரலும், குரலோடு மகளும் முடிச்சுப்போட்டுக்கொண்டுவிட்டன. யாரும் சொல்லித் தரவில்லை; தானாக வந்தது. துறை இத்தனை காலம் முக்கோணம் முக்கோணமாக வரைந்து காத்திருந்தது இதற்காகத்தான் என்று எண்ணி மறுநாள் அவள் பின்வாசல் வழியாக ஓடினாள்.

முக்கோணம் பொறுமையாகக் கேட்டார். பலகையில் வரைந்தார். அ, ஆ, இ எழுதினார். சாக்பீஸை மூன்று மூலைக்கும் கொண்டுபோய் அவளைத் தேடினார்.

"இதுல நீ எங்கம்மா இருக்கே?"

"நான் இதுல இல்ல, சார். நான் அவர் பொண்ணு."

"அப்போ ஞோபிக்குப் பொருள் வந்துடுச்சுன்னு சொல்றியா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்துக் கையால் நீவினார். அன்றே பொருளின்மைக் குழுவின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே, குடியிருப்புப் பகுதி ஒன்றில், அனுமதியின்றி ஒரு பொருள் ஏற்பட்டிருப்பதாகப் பதிவானது. அகராதி மட்டும் தாம் அன்றைக்கே சொன்னதாக முணுமுணுத்தார். அது குறிப்பில் ஏறவில்லை. இரண்டு வழிகள் இருந்தன. நான்காம் பங்கேற்பாளரை நீக்கி, ஆய்வை முதலிலிருந்து தொடங்கலாம். அல்லது ஏற்பட்ட பொருளை விளக்கை அணைப்பதுபோல் அணைத்துவிடலாம்.

அணைப்பது சுலபம் என்றார் முக்கோணம். அன்று அவர் மிகவும் கனிவாகப் பேசினார்.

"அவர் கூப்பிட்டாத் திரும்பாதே. நீ திரும்பறதுதான் அவருக்குப் பரிசு. பரிசு நின்னுபோச்சுன்னா எந்த வார்த்தையும் தானா அணைஞ்சுடும். நான் என் வீட்டுலயே பாத்திருக்கேன். கல்யாணமான புதுசுல என் மனைவி என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பா. எனக்கு எழுத்து வேலை, நான் திரும்பவே மாட்டேன். இப்போ வருஷக்கணக்கா கூப்பிடறதே இல்ல. ஒரே வீட்டுல இருக்கோம், சுத்தமா அணைஞ்சுபோச்சு. இதை விட வெற்றிகரமா யாரும் பண்ணினதில்ல."

இதைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். பிறகு, வீட்டிலுள்ள மற்றவர்களும் பதில் கொடுக்கக் கூடாது, அவர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்கிக்கொள் என்றார்.

படிவத்தால் அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

ஆனால் மகள் திரும்பவில்லை. அவர் 'ஞோபி' என்றபோது அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். அணைவதற்கு முன்னால் ஒரு சொல் ஓங்கி எரியும் என்று நூல்களில் இருந்தது. நூல் பொய் சொல்லவில்லை. அப்பா முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டார். பிறகு சத்தமாக. பிறகு கூட்டம் நெரியும் பஸ்ஸின் கடைசிப் படிவரை கேட்க வேண்டிய குரலில் கூப்பிட்டார். ஒவ்வொரு அழைப்புக்கும் அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். சில கோடுகள் வளைந்தன. அவற்றையும் கோடுகளாகவே எண்ணிக்கொள்ளலாம் என்று முக்கோணம் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

"காது கேக்கலையா உனக்கு?" என்றாள் அண்ணி.

"திரும்பினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், அண்ணி. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. பட்டம் வந்துடட்டும், நானே சேர்த்து வெச்சு..."

"எதைச் சேர்த்து வெப்பே?"

உள்ளேயிருந்து மறுபடி 'ஞோபி' வந்தது; அவள் இன்னொரு கோடு போட்டாள்.

கோடுகள் குறைந்தன. முழுவதும் நிற்பதற்குள் வாய்மொழித் தேர்வின் தேதி வந்துவிட்டது. யாரும் அழைக்காமலே, அவ்வளவு தூரம் நடக்க மாட்டார் என்று அண்ணி அப்பாவை ஒரு சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பெண் டாக்டர் ஆவதைப் பெற்றவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்பது அவள் வாதம். தரவாக இருப்பவர் அரங்கில் பார்வையாளராக இருக்க விதி இடமளிக்கவில்லை. இருவரையும் தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

அவள் மைக்கின் முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் பங்கேற்பாளரின் வரைபடம் திரையில் வந்தது. ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும் ஒரு கோடு. அவள் குரல் ஒலிபெருக்கியில் தாழ்வாரம்வரை போயிருக்க வேண்டும்.

"ஞோபி."

கதவைத் தாண்டி வந்து கடைசி வரிசைவரை நிறைத்தது அந்தக் குரல். தேர்வாளர் கண்ணைத் திறந்தார்.

"அது என்ன சத்தம்?"

அரங்கில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முக்கோணமும் பார்த்தார். கதவு அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. அரை வட்டம் திரும்பினால் போதும். என் அப்பா என்னைக் கூப்பிடுகிறார் என்று சொன்னால் போதும்.

"பிழை, சார்," என்றாள்.

தேர்வாளர் குறித்துக்கொண்டார். குரல் இன்னொரு தடவை வந்தது, கொஞ்சம் தணிந்து, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று கேட்பதுபோல. அவள் அடுத்த படத்துக்குப் போனாள். அதன்பிறகு வரவில்லை. ஒரு சொல் அணைவதை அரங்கத்தின் முன்னிலையிலேயே நிகழ்த்திக் காட்டியதற்காகத் தேர்வாளர் எழுந்து நின்று பாராட்டினார். கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும் முன்பே தாழ்வாரத்துக்கு ஓடினாள். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள்.

"அப்பா, நான்தான். ஞோபி."

அப்பா அவளைப் பார்த்தார். சில்லறை சரியாகக் கொடுத்த பயணியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தார்.

"அதான்," என்றார்.

 அண்ணி நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

மகள் சீட்டுகளை மறுபடி ஒட்டினாள். புகைப்படத்தின் கீழே தன் பெயரை ஒட்டினாள், அதன் கீழே ஞோபி என்றும் ஒட்டினாள். காலையில் எழுந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து தன்னைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள். அணைந்த சொல் ஒரு நாள் தானாகவே துளிர்க்கும் என்றும் நூல்களில் இருந்தது. எப்போது என்று போடவில்லை. அதற்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், அண்ணி ஊட்டிய இட்லி பாதி வாயில் இருக்க, அப்பா போய்ச் சேர்ந்தார்.

துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நான்காம் பங்கேற்பாளர் தொடர் ஆய்வுகளுக்கு இனிக் கிடைக்க மாட்டார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அவரது தரவு என்றும் நம்மோடு இருக்கும் என்று அதில் இருந்தது. முக்கோணம் நேரில் வந்து துக்கம் விசாரித்தார். கிளம்பும்போது, கடைசி நேரத்தில் அந்தச் சொல் ஏதாவது வந்ததா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை என்றாள். நல்லது என்றார். பிறகு என்ன தோன்றியதோ, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தம் வீட்டுக்குப் போன் செய்து யாரோ எடுப்பதற்காக வெகுநேரம் காத்திருந்தார்.

அவளுக்கு அதே துறையில் வேலை கிடைத்தது. அணைத்தல் பற்றிய பாடம் அவளுக்கே ஒதுக்கப்பட்டது.

ஒரு நாள் மதியம் ஆய்வறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி யாரோ ஒரு பையனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தாள். துறை எதையும் வீணாக்குவதில்லை. பழைய பதிவையே ஓடவிட்டிருந்தார்கள்.

"ஞோபி," என்றது மெஷின், அவள் குரலில்.

"வந்துட்டேன்ப்பா," என்று திரும்பிவிட்டாள்.

மாணவியும் பையனும் அவளைப் பார்த்தார்கள். யாரோ கூப்பிட்டது போலிருந்தது என்றாள். யாரும் கூப்பிடவில்லையே, மெஷின்தான் பேசியது என்று மாணவி பணிவாகச் சொன்னாள். மேடத்துக்குத் தொந்தரவாக இருக்கிறதுபோலும் என்று நினைத்து ஒலியைத் தணிக்கக் கை நீட்டினாள்.

"குறைக்காதே."

மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. கையை எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தாள். கண்டக்டரின் மகளுக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பயிற்சி முடியும்வரை அந்தக் கதவருகிலேயே நின்றாள். மெஷின் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினாள்.